“உள்ளுக்குள்ள செய்தி வந்திருக்கு, வாங்கட்டோ?”

வங்கி, வைப்பு, பங்கு பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கொழும்பில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் பதில் தருகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பங்குச்சந்தை பற்றியவை.

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்கள் வீடு வெள்ளவத்தையில். தம்பி ஒரு தனியார் வங்கியில் பெரிய கம்பனிகளுக்குக் கடன் கொடுக்கும் பிரிவில் வேலை செய்கிறான். போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில், தங்களிடம் கடன் எடுத்திருக்கும் ஒரு கம்பனியை வெளிநாட்டுக்காரர் வாங்கப்போகிறார்கள், காகிதமெல்லாம் தயார் என்று சொல்லிவிட்டான். அந்தக் கம்பனி கொழும்பு பங்குச்சந்தையில் பதிவானது. அம்மாவிடம் எட்டு இலட்சத்துக்கு ஒரு நிலையான வைப்பு இருக்கிறது. “இப்பவே உடைச்சு அந்தப் பங்கில போடுவம். என்ர பேரில வேண்டாம், அம்மாவின்ர பேரில” என்கிறான். அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. “எல்லாரும் செய்யினம். இதில ஆருக்கு நட்டம்?” என்று கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, வாங்க வேண்டாம். அம்மாவின் பெயரிலும் வேண்டாம், உங்கள் பெயரிலும் வேண்டாம். இந்தக் கடிதத்தை வாசித்ததும் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் இதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

தம்பியின் முதல் நாள் வேலையிலிருந்து தொடங்குகிறேன். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் 77ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வங்கியில் வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும், வாடிக்கையாளரின் கொடுக்கல் வாங்கல்களையும் கணக்கு நிலவரத்தையும் இரகசியமாக வைத்திருப்பேன் என்று பிரகடனம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நானும் போட்டேன். கோட்டையில் தலைமை அலுவலகத்தில் இருந்த காலத்தில் எங்கள் மேலதிகாரி, லிஃப்டுக்குள் ஏறியதும் கடன் கோப்பு பற்றிய பேச்சை நிறுத்திவிடுவார். பக்கத்தில் நிற்பவர் வங்கி ஆள்தான் என்று தெரிந்தாலும் நிறுத்திவிடுவார். ஒரு கம்பனி வங்கியிடம் வரும்போது தன் வருமானம், கடன், வழக்கு, விற்கிற யோசனை எல்லாவற்றையும் திறந்து வைக்கிறது. அப்படித் திறந்து வைக்காவிட்டால் கடன் கிடைக்காது. அந்தக் கம்பனிக்கு வேறு வழியில்லாத இடத்தில் கிடைத்த செய்தியைத்தான் தம்பி சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

இரண்டாவது, பங்குச்சந்தைச் சட்டம். 1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் உட்தகவலை வைத்து வியாபாரம் செய்வதைக் குற்றமாக்கியிருந்தது. அதன் இடத்துக்கு 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டம் வந்தது. இப்போது குற்றவியல் வழக்கோடு, பங்குச்சந்தையை மேற்பார்வை செய்யும் இந்த ஆணைக்குழு நேரடியாக எடுக்கும் நிர்வாக நடவடிக்கைக்கும் சிவில் வழக்குக்கும் இடமிருக்கிறது. ஊருக்குத் தெரியாத ஒரு செய்தி உங்களிடம் இருக்கிறது. தெரியவந்தால் பங்கின் விலை கணிசமாக மாறும். அது இன்னும் வெளியே வரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த நிலையில் அந்தப் பங்கை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது, இன்னொருவருக்குச் சொல்லி வாங்கச் செய்யவும் கூடாது. அம்மா வங்கியில் வேலை செய்யாதவர் என்பது அவரைக் காப்பாற்றாது. செய்தி எங்கிருந்து வந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெயரை மாற்றினால் பிடிபடாது என்று தம்பி நினைக்கிறான் போலிருக்கிறது. பங்கு வாங்க மத்திய வைப்புத் திட்டக் கணக்கு வேண்டும், நாம் சீ.டி.எஸ். கணக்கு என்பது. அது அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தில் இருக்கும். எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன விலைக்கு வாங்கினார் என்பதெல்லாம் கணினியில் பதிவாகும். கம்பனி விற்பனை அறிவிப்பு வந்ததும் ஆணைக்குழு செய்யக்கூடிய முதல் வேலை, அதற்கு முந்திய வாரங்களில் வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துப் பார்ப்பதுதான். ஒருநாளும் பங்கு வாங்காத ஒரு அம்மா, வைப்பை உடைத்து, ஒரேயொரு கம்பனியின் பங்கை வாங்கியிருக்கிறார். மகன் எங்கே வேலை என்று கேட்க எவ்வளவு நேரம் செல்லும்?

கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரட்ணத்தின் வழக்கைத் தம்பிக்குச் சொல்லுங்கள். நியூயோர்க்கில் கலியன் என்ற பெரிய முதலீட்டு நிதியத்தை நடத்தியவர், நம் ஆட்கள் பெருமையோடு பேசிய பெயர். 2008 செப்டெம்பர் 23. கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் பணிப்பாளர் சபை தொலைபேசியில் கூடி, வாரன் பஃபெட்டின் பேர்க்ஷயர் ஹதவே அந்த வங்கியில் 500 கோடி டொலர் போடுவதற்குச் சம்மதம் கொடுத்தது. கூட்டம் முடிந்த ஒரு நிமிடத்துக்குள் பணிப்பாளர் ரஜத் குப்தா ராஜரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். சந்தை பூட்டச் சில நிமிடங்களே இருக்கையில் கலியன் கோல்ட்மன் பங்குகளை வாங்கியது. அன்று மாலை சந்தை பூட்டிய பிறகே செய்தி ஊருக்குத் தெரிந்தது. வேறு பல கம்பனிகளின் செய்திகளும் இதே மாதிரி அவருக்குப் போயிருந்தன. 2009 ஒக்டோபரில் ராஜரட்ணம் கைதானார். ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி உரையாடல்கள் நீதிமன்றத்தில் போட்டுக் காட்டப்பட்டன. 2011இல் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியாகி, 11 வருடச் சிறையும் ஒரு கோடி டொலர் தண்டமும் பெற்றார்.

தம்பி கவனிக்க வேண்டிய ஆள் குப்தாதான். அவர் தன் பெயரில் அந்தப் பங்கு ஒன்றுகூட வாங்கவில்லை. வாயால் சொன்னதற்காக மட்டும் அவருக்கு 2012இல் இரண்டு வருடச் சிறையும் 50 இலட்சம் டொலர் தண்டமும் விதித்தார்கள். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது தம்பி.

“ஆருக்கு நட்டம்?” என்ற கேள்விக்கு வருகிறேன். அம்மா வாங்கும் ஒவ்வொரு பங்கையும் அதே நிமிடத்தில் யாரோ ஒருவர் விற்கிறார். அந்த ஆளின் முகம் திரையில் தெரியாது. எனக்கு ஒரு முகம் தெரியும். கிளையில் என்னிடம் வந்துபோகும் பம்பலப்பிட்டி அம்மா ஒருவர், கணவர் விட்டுப்போன பங்குகளை மகளின் பல்கலைக்கழகச் செலவுக்காக விற்றார். சிறிது நாளில் அந்தக் கம்பனி கைமாறும் அறிவிப்பு வந்தது, விலை ஏறியது. “பிள்ளை, நான் விக்கேக்க வாங்கின ஆளுக்கு இது தெரிஞ்சிருக்குமோ?” என்று என்னிடம் கேட்டார். தெரிந்திருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அந்தக் கேள்வியோடுதான் பங்குச்சந்தையை விட்டுப் போனார், திரும்பி வரவில்லை. தெரியாத செய்தியால் வந்த நட்டத்தை ஒருவர் தாங்கிக்கொள்வார். தன்னைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றால் தாங்கமாட்டார். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போன சந்தையில் நேர்மையான கம்பனிக்கும் முதல் கிடைக்காது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்தச் செய்தியை வேறு ஒருவருக்கும் சொல்லாதீர்கள், கம்பனியின் பெயரை எனக்கு எழுதாமல் விட்டதுகூட நல்லது. அம்மாவின் வைப்பைத் தொடாதீர்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால் வங்கி குறைந்த வட்டிதான் கணக்கிட்டுத் தரும். தம்பி இதற்குள் வேறு யாருக்காவது சொல்லியிருந்தால், சட்டமும் விதிகளும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும், தன் வங்கியின் இணக்கப் பிரிவு அலுவலரிடம் தானாகவே போய்ச் சொல்லட்டும். வெட்கமான பேச்சுத்தான். ஆணைக்குழு கூப்பிட்டுக் கேட்கும் நாளைவிட அது எவ்வளவோ மேல். கம்பனியின் அறிவிப்பு பங்குச்சந்தையில் வெளியாகி, ஊர் முழுக்க வாசித்த பிறகும் அம்மாவுக்கு அந்தப் பங்கு பிடித்திருந்தால், தம்பியின் வங்கி விதிகளையும் கேட்டுவிட்டு வாங்கலாம்.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் எங்களிடம் அச்சுக்கு வரும். இலாபக் கணக்கு வெளிவருமுன் என் கண்ணில் படும். நான் வங்கிக்காரனும் இல்லை, கம்பனிக்காரனும் இல்லை. ஒருவரும் எனக்கு இரகசியம் சொல்லவில்லை. என் திறமையால் வாசித்து விளங்கிக்கொண்டால் அது குற்றமா?
– வாசகர், கொழும்பு 13

பதில்: தம்பி, உங்கள் கேள்வியை நியூயோர்க்கில் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார். வின்சென்ட் சியரெல்லா ஒரு அச்சகத் தொழிலாளி. ஒரு கம்பனி இன்னொன்றை வாங்குவதற்கான அறிவிப்புகள் அவர் கைக்கு வரும். கடைசி இரவு வரைக்கும் கம்பனிப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், அல்லது பொய்ப் பெயர் போட்டிருக்கும். மிச்ச விபரங்களை வைத்து அவர் பெயரைக் கண்டுபிடித்துப் பங்கு வாங்கினார். 14 மாதத்தில் 30,000 டொலருக்குச் சற்று மேலே இலாபம். பிடிபட்டு, இலாபத்தைத் திருப்பிக் கொடுத்து, வேலையையும் இழந்தார். குற்றவாளியென்றும் தீர்ப்பானது. 1980இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது: பங்கு விற்றவர்களுக்கு அவர் எந்தக் கடமையும் பட்டவர் அல்ல என்பது காரணம்.

இதை வாசித்துவிட்டுச் சந்தோசப்படாதீர்கள். அந்த ஓட்டையை அமெரிக்கா விட்டுவைக்கவில்லை. அதே வருடமே அதை அடைக்க ஒழுங்குவிதி வந்தது. 1997இல் ஒரு வழக்கறிஞரின் வழக்கில், நம்பி ஒப்படைத்தவரின் தகவலைத் திருடித் தன் இலாபத்துக்குப் பாவிப்பதும் மோசடியே என்று அதே நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டில் சியரெல்லாவின் வாதத்தை நம்பி ஒரு பங்குகூட வாங்காதீர்கள். உங்கள் திறமையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஊருக்கெல்லாம் கிடைக்கும் ஆண்டறிக்கையை நீங்கள் மற்றவர்களைவிடக் கூர்மையாக வாசித்தால் அது திறமை, அதில் வரும் இலாபம் முழுவதும் உங்களுடையது. நாளைக்கு வெளிவர இருக்க, நீங்கள் இன்றைக்கே வாசிக்கும் அறிக்கை உங்கள் முதலாளியின் வாடிக்கையாளர் உங்களிடம் விட்டுவைத்த பொருள். அச்சக முதலாளியிடம் ஒரு யோசனை சொல்லுங்கள்: பதிவான கம்பனிகளின் வேலை நடக்கும் நாட்களில் அந்தக் கோப்புகளைத் திறக்கக்கூடியவர்கள் யார் என்று எழுதி வைக்கட்டும். பின்னாளில் ஏதும் கசிந்தால் உங்களையும் அது காப்பாற்றும்.

காலாண்டுக் கணக்குகளைக் கம்பனிகள் முதல் மூன்று காலாண்டுகளிலும் 45 நாட்களுக்குள் பங்குச்சந்தைக்குக் கொடுக்க வேண்டும். அவை வெளியானதும் உங்கள் திறமையைக் காட்டுங்கள். எதை முதலில் பார்ப்பீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள், ஆசையாக வாசிப்பேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 2022இல் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி எடுத்தேன். இப்போது கிடைப்பது மருந்துச் செலவுக்கே போதாது. வங்கியில் ஒரு பிள்ளை, “டீச்சர், பங்கில அல்லது யூனிட் ட்ரஸ்டில போடுங்கோ, எங்கட வங்கிதானே” என்கிறார். வங்கி சொன்னால் பாதுகாப்புத்தானே?
– தெஹிவளை ஆசிரியை

பதில்: டீச்சர், ஒரே கட்டடத்துக்குள் ஒரே சிரிப்போடு விற்கப்படும் பொருட்களுக்கு ஒரே பாதுகாப்பு இல்லை. உங்கள் சேமிப்புக் கணக்குக்கும் நிலையான வைப்புக்கும் மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி உண்டு: ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு 11 இலட்சம் ரூபா வரை. அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது. பங்குக்கும், பலரின் காசைச் சேர்த்து முதலிடும் யூனிட் ட்ரஸ்டுக்கும் இந்தக் காப்புறுதி கிடையாது, வங்கியின் பெயர் பலகையில் இருந்தாலும் கிடையாது. அந்தப் பிள்ளையிடம், “இந்தக் காசு குறைந்துபோனால் யார் பொறுப்பு? எனக்கு எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். பதில் உடனே விளங்கும்.

2022இன் வட்டியைத் திரும்ப எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது, நாடு மூச்சுத் திணறிய நேரம் அது. 20 வீத வட்டி வாங்கிய அதே வருடம் சாமான் விலை அதைவிட வேகமாக ஏறியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

உங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கையில் காசு இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதத்தை வங்கியே வரியாகப் பிடிக்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். எத்தனையோ ஓய்வூதியர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை கிளைக்குப் போகும்போது முதலில் இந்தப் படிவத்தைக் கேளுங்கள். மருந்துக் காசை வைப்பிலேயே விடுங்கள். ஐந்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத காசு ஏதாவது இருந்தால் மட்டும் மற்றதைப் பற்றிக் கதைப்போம்.

கேள்வி: பங்கு வாங்க வங்கியில் கணக்குத் திறந்தால் போதுமா?
– மாணவர், வத்தளை

பதில்: போதாது. பதிவுபெற்ற பங்குத்தரகர் ஒருவர் மூலம் சீ.டி.எஸ். கணக்குத் திறக்க வேண்டும். கொழும்பு பங்குச்சந்தையின் செயலியில் வீட்டிலிருந்தே செய்யலாம். அடையாள அட்டையும் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். வாங்கும்போதும் விற்கும்போதும் தனித்தனியாக 1.12 வீதம் செலவாகும், தரகர் கூலி, சந்தைக் கட்டணங்கள், அரச வரி எல்லாம் சேர்த்து. அடிக்கடி வாங்கி விற்றால் அது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கடன் எடுத்துப் பங்கு வாங்கும் மார்ஜின் வசதியை வங்கிகள் தரும். படிக்கும் வயதில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: கம்பனிப் பணிப்பாளர்கள் தங்கள் கம்பனிப் பங்கையே வாங்குகிறார்களே, அது மட்டும் எப்படிச் சரி?
– வாசகர், மட்டக்குளி

பதில்: வாங்கலாம், ஆனால் ஒளித்து வாங்கக்கூடாது. ஊருக்குத் தெரியாத முக்கிய செய்தி கையில் இருக்கும்போதும் கூடாது. வாங்கிய, விற்ற எண்ணிக்கையையும் விலையையும் பங்குச்சந்தைக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புகளைச் சந்தையின் இணையத்தளத்தில் நீங்களும் வாசிக்கலாம். நான் வாசிப்பதுண்டு.

கேள்வி: வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். “நாளைக்கு இது ஏறும், உள்ளுக்குள்ள இருந்து வந்த செய்தி” என்று பங்குப் பெயர் போடுகிறார்கள். இரண்டு தரம் சரியாக வந்தது. அடுத்தமுறை கொஞ்சம் கூடப் போடலாமா?
– மருதானை

பதில்: வேண்டாம் தம்பி. அந்தச் செய்தி உண்மையானால், முதல் கடிதத்தில் சொன்ன சட்டம் உங்களையும் பிடிக்கும். பொய்யானால், பெயரைப் போட்டவர் ஏற்கெனவே மலிவாக வாங்கி வைத்திருக்கிறார், விற்பதற்கு ஆள் தேடுகிறார், அந்த ஆள் நீங்கள். இரண்டு தரம் ஏறியதற்குக் காரணம் உங்களைப் போலக் குழுவில் இருந்த எல்லாரும் ஒரே காலையில் வாங்கியதாகக்கூட இருக்கலாம்.

கொழும்பு இதை ஒருமுறை பெரிதாக அனுபவித்தது. போர் முடிந்த பிறகு, சந்தையின் எல்லாப் பங்கு விலைகளின் போக்கையும் சேர்த்துக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2009 முடிவில் 3,385இல் நின்றது. 2010 முடிவில் 6,635. 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டியது. பெயர்கூடக் கேள்விப்படாத சின்னக் கம்பனிகளின் பங்குகள் காரணமில்லாமல் ஏறின. முச்சக்கரவண்டி ஓட்டுநர் முதல் வைத்தியர் வரை எல்லாரும் எங்கள் கருமபீடத்தில் நின்று வைப்பு உடைத்தார்கள். பிறகு சரிந்தது. 2012 நடுப்பகுதியில் 5,000க்கும் கீழே. விசாரணைகளை நடத்தவேண்டிய ஆணைக்குழுவின் தலைவர் இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த திலக் கருணாரத்னவும் 2012 ஓகஸ்டில் விலகினார். அந்தக் காலத்தில் காசு இழந்தவர்களில் பலர் என் வாடிக்கையாளர்கள். ஒருவரும் பேராசைக்காரர் இல்லை. பிள்ளைக்கு வீடு, தங்கச்சிக்குக் கலியாணம் என்று கணக்குப் போட்டவர்கள். சுட்டெண் 2024 முடிவில் 15,900ஐத் தாண்டி நின்றதால் இப்போது அதே மாதிரிக் குழுக்கள் திரும்பப் பெருகியிருக்கின்றன. அந்தக் குழுவிலிருந்து இன்றைக்கே வெளியேறுங்கள்.

கேள்வி: வங்கிக் கட்டணம் ஒன்றைக் கேட்காமலே வெட்டிவிட்டார்கள். முகாமையாளர் பதில் தருவதில்லை. எங்கே போவது?
– கிராண்ட்பாஸ்

பதில்: முதலில் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், தொலைபேசி 1935. இப்படியான முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். வாயால் சொன்ன முறைப்பாடு எங்கும் நிற்காது.

கேள்வி: வங்கியில் சேர்ந்து கொஞ்சக் காலம்தான். அப்பாவிடம் தாத்தா காலத்துப் பங்குகள் இருக்கின்றன. அக்காவின் கலியாணத்துக்காக அவற்றை விற்கும் எண்ணம் அவருக்கு முந்தியே இருந்தது. இப்போது அந்தக் கம்பனி கடன் கட்ட முடியாமல் திண்டாடுவது வேலை மூலம் எனக்குத் தெரியும். விலை விழப்போகிறது. அப்பாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பெற்ற தகப்பனுக்குச் செய்யும் துரோகம் போல் இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: பிள்ளை, உங்கள் வேதனை எனக்கு நன்றாக விளங்குகிறது. தவறு நடக்குமுன்னே கேட்டிருக்கிறீர்கள், அதற்காக உங்களை மெச்சுகிறேன். வாங்குவது மட்டும்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். விழப்போவது தெரிந்து விற்பதும் அதே குற்றம், அப்பாவின் பங்கை வாங்கும் ஆள் அந்த நட்டத்தைச் சுமப்பார். அதனால் சொல்லக்கூடாது. “இப்ப வில்லுங்கோ அப்பா” என்று காரணம் சொல்லாமல் சொல்வதும், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு “நான் என்னெண்டு சொல்லுறது” என்பதும் சொன்னதற்குச் சமம்.

அப்பா தானாக, தன் பழைய எண்ணப்படி, கலியாணச் செலவுக்காக விற்றால் அது அவருடைய முடிவு. அதைத் தடுக்கவும் வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம். முன்பு தரகருக்கு எழுதிய கடிதமோ, மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டோ திகதியோடு இருந்தால் அவரே பத்திரமாக வைத்துக்கொள்வது வழக்கம்தான். நீங்கள் நாளைக் காலையில் இணக்க அலுவலரிடம் போய், “என் தகப்பனிடம் இந்தக் கம்பனிப் பங்கு இருக்கிறது” என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் கோப்பிலிருந்து உங்களை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாற்றுவார்கள். அதுவரை வீட்டில் பங்குப் பேச்சு வந்தால் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுங்கள்.